அக்காவைப் பங்கு கேட்டவள்

என் அக்கா வசந்தாவின் வலது கை விரல்களில் எப்போதும் சாக்பீஸ் தூளின் வாசனை இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் முழுவதும் போகாத, மூக்கை லேசாக உறுத்தும் அந்த உலர்ந்த வாசனையோடு அவள் என் கையைப் பிடித்து எழுத வைத்த மாலைகளில்தான் நான் படிக்கக் கற்றுக்கொண்டேன் என்பதால், அந்த விரல்களும் அவற்றின் வாசனையும் எனக்கு மட்டுமே எழுதிக் கொடுக்கப்பட்டவை என்று பதினோரு வயது வரை உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆரணியில் எங்கள் தெருவில் எல்லா வீட்டையும் போல எங்கள் வீட்டின் முன்கூடத்தையும் தறி அடைத்துக்கொண்டிருந்தது. நைனா தறிக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். அப்பாவை நாங்கள் ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம். அம்மா அவருக்கு இழை சுற்றிக் கொடுப்பாள். என்னைவிட ஒன்பது வயது மூத்த அக்கா மட்டும் ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலூரில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, என்றைக்கு அழைப்பு வருமோ என்று காத்திருந்தாள். காத்திருந்த காலத்தில் அவளுக்கு இருந்த ஒரே பள்ளிக்கூடம் எங்கள் பின்கட்டு, ஒரே மாணவி நான். மாலை ஐந்து மணிக்கு நான் கை கால் கழுவி அவள் எதிரில் உட்கார்ந்துவிட்டால், எதிர்வீட்டு அத்தை வந்து கதவைத் தட்டினாலும், “அரை மணி கழிச்சி வாங்க, கோதைக்குப் பாடம் நடந்துகினு இருக்குது” என்று சொல்லி அனுப்பிவிடுவாள். அந்த வாக்கியத்தைக் கேட்பதற்காகவே யாராவது வரமாட்டார்களா என்று நான் காத்திருந்தது உண்டு.

எண்பதுகளின் நடுவில், ஒரு தை மாதத்தில், இலங்கையிலிருந்து வந்தவர்களைச் சேத்துப்பட்டு போகிற சாலையில் இருந்த பழைய அரிசிக் கிடங்கில் கொண்டுவந்து தங்க வைத்தார்கள். ஊர் அதை ‘கேம்ப்பு’ என்றது. சாக்குத் துணியையும் பழைய சேலைகளையும் கயிற்றில் தொங்கவிட்டு, ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவில் சுவர் செய்திருந்தார்கள். முகாமுக்குப் பொறுப்பாக இருந்த வருவாய் ஆய்வாளர் நைனாவுக்குத் தெரிந்தவர். ஒருநாள் அவர் வீட்டுக்கே வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறோம், பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சிக்கல் இல்லை, ஆனால் சிலர் அங்கே சிங்களப் பள்ளியில் படித்தவர்கள், தமிழ் பேசுவார்கள், ஓர் எழுத்துக்கூடத் தெரியாது, உங்கள் பெண் கொஞ்ச நாள் வந்து சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். அக்கா நைனாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல், “வர்றேங்க” என்றாள்.

நைனா தறியிலிருந்தபடியே, “போம்மா, போய்ச் சொல்லிக் குடு. வீடு வாச விட்டுட்டு வந்த புள்ளைங்க, கேட்டு வாங்கத் தெரியாது, நாமதான் போவணும்” என்றார். எல்லாரும் சேர்ந்து என்னுடைய ஐந்து மணியைத் தூக்கிக் கொடுத்தது அப்படித்தான். என்னை யாரும் கேட்கவில்லை.

முதல் நாள் நானும் அக்காவோடு போனேன். கிடங்கின் பின்புறம் வேப்பமரத்தடியில் நான்கைந்து பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் எல்லாரையும்விட உயரமாக, ஒட்ட வெட்டிய முடியோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தான் வதனி. என் வயதுதான். அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்துப் பக்கத்துக்காரர். தெற்கே சிங்கள ஊர் ஒன்றில் கடை வைத்திருந்தார். அந்த ஊரில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லாததால் வதனி சிங்களத்திலேயே ஐந்தாவது வரை படித்து, வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவளாம். கடை எரிந்து, அவளும் அம்மாவும் படகேறி வந்துவிட்டார்கள். அப்பா பின்னால் வருவார் என்று அவள் அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தமிழ் எழுத்து தெரியாது என்பதால் வதனியைக் கொண்டுபோய் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், குட்டைப் பலகையில் காலை மடக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்த அவளை, அந்தப் பொடிசுகள் ‘ஒட்டகம்’ என்று கூப்பிட்டிருக்கின்றன. இரண்டு வாரம் போனாள். பிறகு போகமாட்டேன் என்று படுத்துவிட்டாள். இதைக் கேட்டபோது அக்காவின் கண் சிவந்துபோயிற்று. “ஜூன்ல இவ ஆறாவதுல உக்காருவா, பாருங்க” என்று அவள் வதனியின் அம்மாவிடம் சொன்னாள். ஆறாவது என்றால் என் வகுப்பு. அடுத்த ஜூனில் நான் போகவிருந்த வகுப்பு.

தொடக்கத்தில் எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. அக்கா என்னை வாசிக்கச் சொல்லி, வதனியைக் கேட்கச் சொல்வாள். நான் என் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பெரிய டீச்சர் மாதிரி குரலை உயர்த்திப் படிப்பேன். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவள் தடுமாறும்போது எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவும். ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. ஒருநாள் அக்கா எங்கள் இரண்டு பேரையும் ‘வாழைப்பழம்’ சொல்லச் சொன்னாள். வதனி ‘வாளைப்பளம்’ என்றாள். நான் சிரித்துவிட்டு, ஊர் வழக்கப்படி ‘வாயப்பயம்’ என்றேன். அக்கா என்னைப் பார்த்து, “நீ இன்னாத்துக்குடி சிரிக்கிற? உனுக்கு மட்டும் வருதா?” என்று கேட்டு, நாக்கை எப்படி மடக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஒன்றாகக் காட்டினாள். மூன்றாம் நாள் வதனிக்கு ‘ழ’ வந்துவிட்டது. சுத்தமாக, வழுக்கிக்கொண்டு வந்தது. அக்கா கைதட்டினாள். நான் ஒரு வாரம் எங்கள் வீட்டுக் குளியலறையில் வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி, வாழை, மழை, கிழவி என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பன்னிரண்டு வயது ஆகும் வரை எனக்கு அது சரியாக வரவில்லை.

பிறகு கையெழுத்து. வதனி தமிழ் எழுத்தைக்கூடச் சிங்கள எழுத்தைப் போல உருட்டி உருட்டித்தான் எழுதினாள். அடித்துத் திருத்த வேண்டிய அந்த எழுத்தை அக்கா அம்மாவிடம் கொண்டுவந்து காட்டி, “பாரேன், முத்து கோத்த மாதிரி எழுதிகினு இருக்கா” என்றாள். அதுவரை அந்த வீட்டில் முத்து என்ற சொல் என் எழுத்துக்குத்தான். அதோடு நின்றதா? அக்காவின் பேச்சு மாறிற்று. வீட்டில் யாராவது ஏதாவது கேட்டால் ‘ஆமா’ என்று சொல்லாமல், வதனியைப் போல ‘ஓம்’ என்று சொல்லிவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். தன் பெயரை வதனியிடம் சிங்களத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிவந்து, பயிற்சிப் பள்ளி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். அடுத்த நாள் நான் அந்தத் தாளை நகத்தால் சுரண்டி எடுத்து, சாயத் தண்ணீர் ஓடுகிற கால்வாயில் போட்டேன். காற்றில் போயிருக்கும் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். மறுநாளே வதனி வேறொன்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

எனக்கான பாடம் நின்றுபோனது என்று சொல்ல முடியாது. முகாமிலிருந்து திரும்பி வந்த பிறகு அக்கா என்னைக் கூப்பிடுவாள்தான். ஆனால் அப்போது அவள் களைத்திருப்பாள். நான் படிக்கும்போதே கொட்டாவி விடுவாள். நடுவில், “வதனிகிட்ட சொல்லணும்” என்று எதையாவது குறித்துக்கொள்வாள். “இன்னாடி மூஞ்சிய தூக்கி வச்சிகினு இருக்க?” என்று அம்மா கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அகதிப் பிள்ளைமேல் பொறாமை என்று எந்த வாயால் சொல்வது? அவளுக்கு வீடு இல்லை, அப்பா வரவில்லை, ஊர் இல்லை. இவ்வளவும் இல்லாதவளைப் பார்த்து வயிறு எரிகிறது என்றால் நான் எப்படிப்பட்ட பிறவி என்று எனக்கே பயமாக இருந்தது. பயத்துக்கு நடுவிலும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

கோடை விடுமுறையில் அக்கா அலைந்து திரிந்து, நான் ஆறாவது சேரவிருந்த பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையிடம் ஒரு வாக்கு வாங்கிவிட்டாள். மாற்றுச் சான்றிதழ் எரிந்துபோனதால், அதற்குப் பதிலாக அவரே வதனிக்கு ஒரு தேர்வு வைப்பார்; அவர் சொல்லச் சொல்லப் பிழையில்லாமல் எழுதி, புத்தகத்தைத் திறந்து காட்டிய இடத்தில் வாசித்துவிட்டால் ஆறாவதில் இடம். அதைக் கேட்ட அன்றே அக்கா தன் பயிற்சிப் பள்ளி நாட்களில் கட்டிய நீலச் சேலையை எடுத்தாள். அந்தச் சேலையை நான் எத்தனையோ முறை சுற்றிக்கொண்டு, சுவரில் சாக்பீஸால் எழுதி டீச்சர் விளையாட்டு விளையாடியிருக்கிறேன். நான் பெரியவளானதும் அது எனக்குத்தான் என்று அக்காவே சொல்லியிருந்தாள். என் கண்ணெதிரில் அதைத் தரையில் விரித்து, கத்தரிக்கோலை வைத்து, வதனிக்குச் சீருடைப் பாவாடை வெட்டினாள். கத்தரிக்கோல் துணிக்குள் ஓடிய சத்தம் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. நான் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை அக்காவுக்குத் தெரிந்திருக்கும்.

பள்ளி திறக்கும் வாரத்தில் அக்காவுக்கு வேலூரிலிருந்து சான்றிதழ் சரிபார்க்க அழைப்பு வந்தது. சித்தி வீட்டில் தங்கி, மூன்று நாள் கழித்துத்தான் வர முடியும். கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “கோதை, பெரிய டீச்சர் என்னைக்கு வரணும்னு உன்கிட்டதான் சொல்லி அனுப்புவாங்க. கேட்டதும் ஜல்தியா கேம்ப்புக்குப் போயி வதனி அம்மாகிட்ட சொல்லிடு. உன்ன நம்பித்தான் போறேன்.”

புதன்கிழமை நான் பள்ளியில் புதுப் புத்தகம் வாங்க நின்றபோது தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பிள்ளையை அழைத்துவரச் சொல், அன்றோடு சேர்க்கை முடிகிறது என்றார். நான் தலையாட்டிவிட்டு நேராக முகாமுக்குத்தான் நடந்தேன். சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டு போகவில்லை. இதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் உண்மை அதுதான். கிடங்கின் இரும்புக் கதவருகில் போய் நின்றபோது வேப்பமரத்தடியில் வதனி தெரிந்தாள். நீலப் பாவாடையைக் கட்டிப் பார்த்துக்கொண்டு, அது அழுக்காகாதபடி ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து, என் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை மடியில் வைத்துச் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் வாசித்தது அச்சு அசல் அக்காவின் குரல் மாதிரி இருந்தது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று அக்காவுக்கு ஒரு முறை உண்டு. அதே முறை. நான் திரும்பி நடந்தேன்.

நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று அன்று நினைத்தேன். வியாழக்கிழமை காலையில் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். உண்மையாகவே வலிப்பது போலத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நான் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். தலைமையாசிரியையின் அறைக்கு வெளியே போடப்பட்டிருந்த பெஞ்சு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அதில் யாரும் இல்லை. மணி பன்னிரண்டு அடிக்கும் வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை மாலை அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குக்கூட வராமல் முகாமுக்குப் போனாள். சேர்க்கை முடிந்தும் தகவலே வரவில்லை என்று வதனியின் அம்மா சொல்லிக் கேட்டு, நேராக வீட்டுக்கு வந்து, என்னையும் இழுத்துக்கொண்டு மறுபடி போனாள். வழியெல்லாம், “சொன்னியா இல்லியா? சொன்னியா இல்லியா?” என்று ஒரே கேள்விதான். நான் தரையைப் பார்த்துக்கொண்டே அவள் பின்னால் ஓடினேன். மரத்தடியில் வதனி நின்றிருந்தாள். அக்கா கேட்பதற்கு முன்பே அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அக்காவிடம், “கோதை வந்து சொன்னவ. எனக்குத்தான் நாள் பிழைச்சுப் போச்சு. திங்கக்கிழமை எண்டு நினைச்சிட்டன்” என்றாள்.

அக்காவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. “அஞ்சு மாசம்! அஞ்சு மாசமா நாயா அலைஞ்சி வாங்கினேன், ஒரு நாள ஞாபகம் வச்சிக்க முடியலியா உனுக்கு?” என்று கத்தினாள். வதனி தலைகுனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். கத்தி முடித்ததும் அக்காவே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் தள்ளி நின்று பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு வந்திருக்க வேண்டியது வெட்கம். ஆனால் வந்தது அதே பழைய எரிச்சல்தான். எனக்கு வர வேண்டிய திட்டையும், திட்டுக்குப் பின்னால் வந்த அந்த அணைப்பையும் கூட அவள் எடுத்துக்கொண்டாளே என்றிருந்தது.

திங்கட்கிழமை அக்கா வதனியையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். என்னையும் உள்ளே கூப்பிட்டாள். தலைமையாசிரியை கெட்டவர் இல்லை; ஆனால் காத்திருந்து ஏமாந்த கோபம் அவருக்கு. “அடுத்த வருஷம் பாக்கலாம் வசந்தா. நாம ஒரு நாள் குறிச்சிக் குடுத்தா அதுக்கு ஒரு மதிப்பு வேணாமா? அந்தக் கேம்ப்புல இருக்கறவங்களுக்குப் பொறுப்பே இல்ல, இன்னிக்கு இங்க, நாளைக்கு எங்கியோ. இனிமே அங்கேருந்து யாரையும் கூட்டிகினு வராத” என்றார். வதனியின் அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். சண்டை போடாமல், கெஞ்சாமல், இதற்குமுன் பல இடங்களில் எழுந்து பழகியவர் போல அவர் எழுந்த விதத்தைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“நான் சொல்லவே இல்ல டீச்சர். கேம்ப்பு கேட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்.”

அக்கா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். அவள் என்னை யாரோ மாதிரி பார்த்தாள். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, வதனியிடம் ஒரு தாளை நீட்டினார். “உக்காரும்மா. சொல்றத எழுது.” பத்து வாக்கியம். நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். ஓரிடத்தில், ‘காற்று’ என்று எழுத வேண்டிய இடத்தில், அவள் பேனா நின்றது. அவள் பேச்சில் அந்தச் சொல் வேறு மாதிரி ஒலிக்கும் என்பது எனக்குத் தெரியும். அவள் சரியாக எழுத வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். எழுதக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். சரியாகத்தான் எழுதினாள். முழுத்தாளிலும் ஒரே ஒரு பிழை. அன்றே ஆறாவதில், என் வகுப்பில், எனக்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அக்கா என்னோடு பத்து நாள் பேசவில்லை. நைனாதான் சாப்பாட்டு நேரத்தில், “தப்பு செஞ்சது கொழந்த. அத அவளே ஒத்துக்கினதயும் பாரு” என்று எனக்காகப் பேசினார். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அந்தப் பத்து நாளில் ஒருநாள், மதிய இடைவேளையில் குழாயடியில் நானும் வதனியும் தனியாக நின்றோம். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். நல்லவள் வேடம் போடத்தான் சொன்னாள் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “நீ வந்ததையும் பாத்தன், திரும்பிப் போனதையும் பாத்தன். என்ன சேதி எண்டு தெரியாது, அடுத்த நாள் வருவாய் எண்டு இருந்தன். உன்னைக் காட்டிக் குடுத்தா உங்கட வீட்டில சண்டை வரும். சண்டை வந்தா அக்கா எங்களிட்ட வரமாட்டா.”

“அவ்ளோதானா?”

அவள் தட்டை உதறிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். “உனக்கு அவ வீட்டிலயே இருக்கிறா. காலமை எழும்பினா இருக்கிறா, படுக்கேக்க இருக்கிறா. எனக்குப் பின்னேரத்தில ஒரு மணித்தியாலம்தான். உன்னைப் பாத்தா எனக்கு எரியும்.”

என்னைப் பார்த்து ஒருத்திக்கு எரியும் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. நாங்கள் அதற்குப் பிறகு கட்டிக்கொள்ளவும் இல்லை, உயிர்த் தோழிகளாகவும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து மாலையில் முகாமுக்கு நானும் போனேன். வேறு சின்னப் பிள்ளைகளுக்கு நான் எழுத்துச் சொல்லிக்கொடுக்க, அக்கா வதனிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். நானும் வதனியும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டே இருந்தோம். காலாண்டுத் தேர்வில் தமிழில் நான் முதல், அவள் இரண்டாவது. அரையாண்டில் அவள் முதல். அதற்கப்புறம் அவள் அந்த இடத்தை விடவில்லை.

அடுத்த ஆண்டு அக்காவுக்குத் தெள்ளாருக்கு அந்தாண்டை ஒரு கிராமத்தில் வேலை கிடைத்து, அங்கேயே அறை எடுத்துத் தங்கினாள். எங்கள் இரண்டு பேருக்குமே அவள் இல்லாமல் போனாள். எட்டாவது முடிந்த கோடையில் முகாமை எடுத்துவிட்டு, அங்கிருந்தவர்களைத் தெற்கே எங்கெங்கோ பிரித்து அனுப்பினார்கள். வதனி கிளம்பியது எனக்குத் தெரியாது; நான் அப்போது தேவிகாபுரத்தில் மாமா வீட்டில் இருந்தேன். பிறகு ஒரே ஒரு கடிதம் வந்தது. அக்காவின் பெயருக்கு. அதில் என்னைப் பற்றி ஒரு வரி இருந்தது, கோதையையும் கேட்டதாகச் சொல்லவும் என்று. அந்த ‘யும்’ எனக்குப் பல நாள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அக்கா எழுதிய பதில், பெற்றுக்கொள்வார் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது.

இப்போது அந்தக் கிடங்கு இல்லை. வேப்பமரமும் இல்லை. அங்கே குளிர்சாதனம் வைத்த கல்யாண மண்டபம் நிற்கிறது. இந்த இடத்தில் சாக்குத் துணிகளுக்கு நடுவில் மனிதர்கள் மூன்று ஆண்டுக்கு மேல் குடியிருந்தார்கள் என்று சொன்னால், இங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள்கூட, “அப்டியா?” என்கிறார்கள். வதனி எங்கே இருக்கிறாள், இருக்கிறாளா, அவள் அப்பா வந்து சேர்ந்தாரா, எதுவும் எங்களுக்குத் தெரியாது. தேடிப் பார்த்தோம். கணினியில் அந்தப் பெயரில் எத்தனையோ முகங்கள் வருகின்றன. ஐம்பது வயதில் அவள் எப்படி இருப்பாள் என்று தெரியாமல் எந்த முகத்தைப் பார்த்து இவள்தான் என்பது?

சில ஆண்டுகளுக்கு முன்பு அக்கா பணி ஓய்வு பெற்றாள். கடைசியாக வேலை செய்த பள்ளியில் விழா எடுத்தார்கள். அவளிடம் படித்தவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து, மாலையும் சால்வையுமாக மேடைக்குக் கீழே நீளமான வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் ஏறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க டீச்சர்” என்றார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, என் வயதுள்ள ஒவ்வொரு பெண்ணின் முகமாகக் கடைசி வரை பார்த்தேன். அத்தனை பேரில் ஒருவர்மேலும் எனக்குப் பொறாமை வரவில்லை.